தானே மடியும் ஓரிகாமி: நினைவுக் கம்பியில் உங்கள் முதல் கீல்

தட்டையாகக் கிடக்கும் ஓர் அட்டை. அதன் மேல் தலைமுடியைப்போல் இரண்டு மடங்கு பருமனில் ஒரு கம்பி. பொத்தானை அழுத்தினால் ஒரு நொடியில் அட்டையின் பாதி எழுந்து மடிகிறது. மோட்டார் கிடையாது, பல்சக்கரம் கிடையாது, சின்னச் சத்தம்கூடக் கிடையாது. கையை எடுத்தால் மெல்ல மறுபடி படுத்துக்கொள்கிறது.

பார்ப்பவர்கள் எல்லாரும் கேட்பது "எப்படி மடிகிறது?" என்றுதான். செய்து பார்க்க உட்கார்ந்தால் தெரியும், மடிய வைப்பது சுலபம். திரும்ப விரிய வைப்பதில்தான் முக்கால்வாசி வேலை இருக்கிறது. நான் முதலில் செய்த மூன்று மாதிரிகளும் அழகாக மடிந்தன. மூன்றும் மடிந்தபடியே நின்றுவிட்டன. அதனால் இங்கே விரிவதற்குக் கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன்.

நாம் செய்யப் போவது ஒரே ஒரு மடிப்பு. இரண்டு அட்டைப் பலகைகள், நடுவில் ஒரு கீல். ஒரு பலகை 60 டிகிரி வரை எழுந்து, பிறகு தானாகப் படுக்க வேண்டும். இது நூறு தடவை ஒழுங்காக நடக்கும்வரை படகு, பெட்டி என்று பெரிய வடிவங்கள் பக்கம் போக வேண்டாம்.

கம்பிக்கு எப்படி ஞாபகம் வருகிறது

கம்பியின் பெயர் நிட்டினோல். நிக்கலும் டைட்டானியமும் ஏறக்குறைய சரிபாதி அணுக்கள் கலந்த உலோகக்கலவை. 1959-ல் அமெரிக்கக் கடற்படையின் ஆயுத ஆய்வகத்தில் வில்லியம் பியூலர் என்ற உலோகவியலாளர் இந்தக் கலவையில் வேலை செய்துகொண்டிருந்தார். பெயரின் பின்பாதி அந்த ஆய்வகத்தின் ஆங்கில முதலெழுத்துகளிலிருந்து வந்தது. 1961-ல் ஒரு கூட்டத்தில், துருத்திபோல மடித்து வைத்த நிட்டினோல் துண்டு ஒன்று கைமாறி வந்தது. டேவிட் மஸ்ஸி என்பவர் தன் புகைக்குழாய் லைட்டரை எடுத்து அதற்குச் சூடு காட்டினார். துண்டு தானாக நீண்டு நேரானது. ஆக, இந்த உலோகத்தின் குணம் வெளிப்பட்டதே ஒரு மடிப்பு விரிந்ததில்தான்.

உள்ளே நடப்பது இது. ஆறியிருக்கும்போது அணுக்கள் மார்ட்டென்சைட் என்ற அடுக்கில் இருக்கும். இந்த நிலையில் கம்பி மெத்தென்றிருக்கும். இழுத்தால் சில சதவீதம் நீண்டு, விட்ட பிறகும் அப்படியே இருக்கும். சூடேறினால் ஆஸ்டெனைட் என்ற அடுக்குக்கு மாறும். அந்த அடுக்குக்குப் பழகிய வடிவம் ஒன்றுதான். எனவே நீண்ட கம்பி பலமாகத் தன்னை இழுத்துக்கொண்டு பழைய நீளத்துக்கு வந்துவிடும். இந்த இழுப்பைத்தான் நாம் தசைபோலப் பயன்படுத்துகிறோம்.

இங்கே புதியவர்கள் தவறவிடும் விஷயம் ஒன்று உண்டு. சூடானால் சுருங்கும் கம்பி, ஆறினால் தானாக நீளாது. ஆறிய கம்பி வெறுமனே மெத்தென்று ஆகிறது, அவ்வளவுதான். அதை நீட்ட வேறு யாராவது இழுக்க வேண்டும்: ஒரு எடை, ஒரு சுருள்வில், வளைந்த பிளாஸ்டிக் பட்டை, ஏதாவது. இதை எதிரிழுப்பு என்று சொல்லிக்கொள்வோம்.

இன்னொன்று, சூட்டுக்கும் ஆறலுக்கும் இடையே உள்ள இடைவெளி. 90 டிகிரி வகை என்று விற்கும் கம்பி 88 டிகிரி செல்சியஸில் சுருங்கத் தொடங்கி 98-ல் முடிக்கும். திரும்பும்போது 72-ல்தான் தளரத் தொடங்கும், 62-ல் முழுதாகத் தளரும். மின்சாரத்தை நிறுத்தியதும் உடனே கீழே வரவில்லையே என்று பதற வேண்டாம்.

என்ன வாங்குவது

நிட்டினோல் என்று எழுதியிருந்தாலே போதும் என்று வாங்கிவிடாதீர்கள். மூக்குக்கண்ணாடிச் சட்டங்களுக்கும் பல்வரிசை சீராக்கும் கம்பிகளுக்கும் பயன்படுவதும் நிட்டினோல்தான். ஆனால் அது அறை வெப்பத்திலேயே ஆஸ்டெனைட்டாக இருக்கும். எப்படி வளைத்தாலும் துள்ளி நேராகும், சூடு காட்டினால் ஒன்றும் நடக்காது. உங்களுக்கு வேண்டியது இயக்கிக் கம்பி. அதாவது, நேராகச் சுருங்கும்படி தயாரிப்பாளரே பழக்கி விற்பது. வந்ததும் கையால் வளைத்துப் பாருங்கள்: வளைந்த இடத்தில் அப்படியே நின்றால் சரியான கம்பி.

பருமன் 150 மைக்ரான், 90 டிகிரி வகை. 70 டிகிரி வகையும் கிடைக்கும். அது குறைந்த சூட்டில் வேலை செய்யும், ஆனால் ஆற அதிக நேரம் எடுக்கும். சுற்றியுள்ள காற்றைவிட எவ்வளவு சூடாக இருக்கிறதோ அவ்வளவு வேகமாகத்தானே எதுவும் ஆறும். ஃப்ளெக்சினோல் என்ற பெயரில் விற்கும் 150 மைக்ரான் கம்பியின் அட்டவணை சொல்வது: மீட்டருக்கு 55 ஓம் மின்தடை, 321 கிராம் இழுவிசை, அசையாத காற்றில் ஒரு நொடியில் சுருங்க 410 மில்லியாம்பியர், ஆறிய கம்பியை நீட்ட 128 கிராம் எதிரிழுப்பு. இந்த நான்கு எண்களையும் ஒரு தாளில் எழுதி எதிரே ஒட்டிவையுங்கள். மீதிக் கணக்கு முழுவதும் இவற்றிலிருந்துதான் வருகிறது.

மற்றவை: 1.5 மி.மீ. பைண்டிங் அட்டை, 1 மி.மீ. அட்டை கொஞ்சம், பழைய எக்ஸ்ரே ஃபிலிம் ஒன்று, 2 மி.மீ. வெளிக் குறுக்களவுள்ள மெல்லிய டெஃப்ளான் குழாய், 10 மி.மீ. தடித்த டெஃப்ளான் குழாயில் ஒரு சிறு துண்டு, சின்ன ஸ்குரூ, நட்டு, வாஷர்கள், கிரிம்ப் குழல்கள் (கம்பியை உள்ளே நுழைத்து நசுக்கிப் பிடிக்க வைக்கும் சிறு உலோகக் குழல்கள்), தையல் நூல், மல்டிமீட்டர், மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய மின்வழங்கி ஒன்று. மின்னோட்டத்துக்கும் வரம்பு வைக்கக்கூடியதாக இருந்தால் மிக நல்லது.

காகிதம் ஏன் இல்லை என்று கேட்பீர்கள். ஓரிகாமி என்றாலே காகிதம்தானே? ஆனால் கம்பி இழுப்பது கீலை மட்டுமல்ல, பலகையையும் சேர்த்துத்தான். மெல்லிய தாளிலோ வாழ்த்தட்டைப் பருமனிலோ செய்தால், மடிய வேண்டிய கோடு அப்படியே இருக்க, பலகை வாழையிலை காய்வதுபோலச் சுருண்டுகொள்ளும். கம்பி சுருங்கிய நீளம் முழுக்க அந்தச் சுருளில் வீணாகிவிடும். கீல் மட்டும் வளைய வேண்டும், மற்ற எல்லாம் விறைப்பாக நிற்க வேண்டும்.

முதல் படி: கம்பியைத் தொங்கவிட்டுப் பாருங்கள்

அட்டையைத் தொடும் முன் இந்தச் சோதனையைக் கட்டாயம் செய்யுங்கள். 30 செ.மீ. கம்பியை வெட்டி, நடுவில் 25 செ.மீ. வரும்படி மேல்முனையை ஒரு ஸ்குரூவில் வாஷருக்கு அடியில் இறுக்குங்கள். கீழ்முனையில் ஒரு சிறு பாட்டில். பாட்டிலும் தண்ணீருமாகச் சேர்ந்து 200 கிராம் இருக்கட்டும். இரண்டு முனைகளிலும் மின்கம்பி கொடுங்கள். கீழே கொடுப்பது மெல்லியதாக, தொளதொளவென்று இருக்க வேண்டும், எடையைத் தாங்கக்கூடாது.

3 வோல்ட்டில் தொடங்கி மெதுவாக ஏற்றுங்கள். 5 வோல்ட் அருகே பாட்டில் மேலே நகரும். 25 செ.மீ.-க்கு 4 சதவீதம் என்றால் 1 செ.மீ.; பக்கத்தில் ஒரு அளவுகோலை நிற்க வைத்தால் கண்ணாலேயே அளந்துவிடலாம். மின்சாரத்தை நிறுத்துங்கள். சில நொடிகளில் பாட்டில் இறங்கிவிடும்.

இப்போது தண்ணீரைக் கொட்டி, மொத்தம் 50 கிராம் மட்டும் வையுங்கள். மறுபடி சூடேற்றுங்கள். இன்னும் உற்சாகமாக மேலே போகும். ஆனால் ஆறிய பிறகு முழுதாக இறங்காது, பாதி வழியில் நின்றுவிடும். 128 கிராம் என்ற எண்ணின் அர்த்தம் கண்ணெதிரே தெரிந்துவிட்டது அல்லவா? என் முதல் மூன்று மாதிரிகளும் மடிந்தபடியே நின்றது இதனால்தான்.

அப்புறம் 200 கிராமுக்குத் திரும்பி, முப்பது நாற்பது தடவை ஏற்றி இறக்குங்கள். புதுக் கம்பி முதல் சில சுற்றுகளில் நீளம் கொஞ்சம் மாறிக்கொண்டே இருக்கும், பிறகு நிலைப்படும். அட்டையில் கட்டிய பிறகு இந்த மாற்றம் வந்தால் கம்பி தொய்ந்து எல்லா அளவும் கெட்டுவிடும். இப்போதே பழக்கிவிட்டால் அந்தத் தலைவலி இல்லை.

இரண்டாவது படி: பலகைகளும் கீலும்

1.5 மி.மீ. அட்டையில் 8 செ.மீ. நீளம், 6 செ.மீ. அகலத்தில் இரண்டு பலகைகள் வெட்டுங்கள். 8 செ.மீ. பக்கங்கள் எதிரெதிரே வரும்படி, நடுவில் 6 மி.மீ. இடைவெளி விட்டு வையுங்கள். ஒன்று அடிப்பலகை, மேசையோடு ஒட்டிக் கிடக்கும். மற்றது எழும் பலகை.

எக்ஸ்ரே ஃபிலிமிலிருந்து 1 செ.மீ. அகலத்தில் இரண்டு பட்டைகளை வெட்டி, இடைவெளியின் இரு ஓரங்களிலும் பாலம்போலப் பலகைகளின் மேல்பக்கம் ஒட்டுங்கள். ஃபிலிம்தான் வேண்டும் என்றில்லை, 0.175 முதல் 0.2 மி.மீ. வரை பருமனுள்ள எந்தப் பாலியெஸ்டர் தகடும் சரி. இரண்டு பட்டை ஓரத்துக்கு ஒன்றாக இருப்பதால் பலகை பக்கவாட்டில் கோணிக்கொள்ளாது. டேப்பால் கீல் போட்டால் வழவழவென்று மடியும், உண்மைதான். ஆனால் டேப் திரும்பத் தள்ளாது. ஃபிலிம் வளைந்தால் நேராகப் பார்க்கும். அந்தப் பிடிவாதம் நமக்குப் பிறகு தேவைப்படும்.

பலகை எழும்போது ஃபிலிம் உள்பக்கம் இருந்து உரிந்துவரப் பார்க்கும். வெறும் பசை தாங்காது. 1 மி.மீ. அட்டையில் 1 செ.மீ. அகலம், 8 செ.மீ. நீளமுள்ள இரண்டு பட்டைகளை வெட்டி, இடைவெளியின் இரு கரைகளிலும் ஃபிலிமை அழுத்திப் பிடிக்கும்படி வைத்து, ஊசி நூலால் பலகையோடு சேர்த்துத் தைத்துவிடுங்கள். இந்தப் பட்டைகளுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது.

மூன்றாவது படி: கம்பி எவ்வளவு உயரத்தில் போக வேண்டும்

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். கம்பி கீலோடு ஒட்டிக் கிடந்தால் எவ்வளவு இழுத்தாலும் கீல் மடியாது. கீலைவிட்டுச் சற்று மேலே தூக்கி நிறுத்தினால்தான் இழுப்பு திருப்பமாக மாறும். கதவைக் கீலுக்குப் பக்கத்தில் தள்ளிப் பார்த்திருப்பீர்களே, அதே கதை.

எவ்வளவு தூக்குவது? நம் மாதிரியில் 2 மி.மீ. கம்பி 3 மி.மீ. சுருங்கினால் கீல் 60 டிகிரிக்குச் சற்று மேல் மடியும். 4 மி.மீ. உயரம் வைத்தால் திருப்புவிசை இரட்டிப்பாகும், ஆனால் அதே 3 மி.மீ. சுருக்கத்துக்கு 40 டிகிரியைக்கூடத் தொடாது. 1 மி.மீ. ஆக்கினால் 85 டிகிரியைத் தாண்டும், கிளம்பும் விசை பாதியாகிவிடும். கோணம் வேண்டுமா, பலம் வேண்டுமா? இரண்டும் வேண்டுமென்றால் கம்பியை நீளமாக்கியே தீர வேண்டும், வேறு வழி இல்லை.

2 மி.மீ. உயரம் பெற, டெஃப்ளான் குழாயில் 5 மி.மீ. நீளத்தில் நான்கு துண்டுகள் வெட்டுங்கள். 1 மி.மீ. பட்டையின் மேல் 2 மி.மீ. குழாயைப் படுக்க வைத்தால் அதன் நடுத்துளை சரியாக 2 மி.மீ. உயரத்தில் வரும். ஒவ்வொரு கரையிலும் இரண்டு துண்டுகள், 1 செ.மீ. இடைவெளியில், எதிரெதிரே நேராக. டெஃப்ளானில் பசை ஒட்டாது. நூலால் பட்டையோடு கட்டுங்கள். இதைத் தெரிந்துகொள்ள நான் ஒரு முழுப் பசைக் குப்பியை வீணாக்கினேன்.

எழும் பலகையில் கீலிலிருந்து 5 செ.மீ. தள்ளி, நடுவில், 10 மி.மீ. டெஃப்ளான் துண்டை ஸ்குரூவால் நிறுத்துங்கள். மேலே ஒரு வாஷர் இருந்தால் கம்பி நழுவாது. இது கம்பி திரும்பும் முளை. குறுகலான முளையில் கம்பியைத் திருப்பினால் அந்த வளைவில்தான் முதலில் அறும். தாராளமாக 10 மி.மீ. இருக்கட்டும். அடிப்பலகையில் அதே 5 செ.மீ. தூரத்தில், 1 செ.மீ. இடைவெளியில் இரண்டு ஸ்குரூக்கள். கம்பியின் இரு முனைகளும் இங்கேதான் வரும்.

நான்காவது படி: கம்பியைக் கோர்ப்பது

ஒரு ஸ்குரூவில் தொடங்கி, குழாய் வழியாக இடைவெளியைத் தாண்டி, எதிர்க்குழாய்க்குள் நுழைந்து, முளையைச் சுற்றி, அதேபோல இணையாகத் திரும்பி இரண்டாவது ஸ்குரூவுக்கு. மொத்தம் ஏறக்குறைய 23 செ.மீ. இப்படி வளையமாகப் போட்டால் இரண்டு லாபம். கம்பி இரண்டு தடவை இழுப்பதால் 321 கிராம் 640 ஆகிவிடுகிறது. மின் இணைப்புகள் இரண்டும் அசையாத பலகையில் அமைந்துவிடுகின்றன. எழும் பலகைக்கு ஒரு மின்கம்பியும் போக வேண்டியதில்லை.

முனைகளை ஈயப்பற்று வைத்து ஒட்ட முயலாதீர்கள். நிட்டினோல் மேல் எப்போதும் ஓர் ஆக்சைடு படலம் இருக்கும், ஈயம் அதில் பிடிக்காது. பிடிக்க வைக்க அதிகம் சூடாக்கினால் அந்த இடத்தில் கம்பியின் பழக்கம் கெடும். முடிச்சும் நம்ப முடியாது, சுருங்கும்போது நழுவும். கிரிம்ப் குழலுக்குள் கம்பியை மடித்து நுழைத்து, இடுக்கியால் பலமாக நசுக்குங்கள். பிறகு அந்தக் குழலை ஸ்குரூவில் வாஷருக்கு அடியில் இறுக்குங்கள்.

இறுக்கும்போது இரண்டு பலகைகளும் மேசையில் தட்டையாக இருக்க வேண்டும், கம்பி ஆறியிருக்க வேண்டும், கடைசி முனையை 150 கிராம் அளவுக்கு இழுத்துப் பிடித்தபடி இறுக்க வேண்டும். துளி தொய்வும் கூடாது. வளையத்தின் ஒவ்வோர் இழையிலும் நமக்குக் கிடைக்கும் சுருக்கமே 4 மி.மீ. அளவுதான்; அதில் 1 மி.மீ. தொய்வுக்குப் போனால் கால் பங்கு மடிப்பு போய்விட்டது.

கம்பி எந்த இடத்திலும் அட்டையைத் தொடாமல் இருக்கிறதா என்று ஒரு தாளை அடியில் நுழைத்துப் பாருங்கள். தொட்டால் அங்கே சூடு அட்டைக்குள் இறங்கி, கம்பி சுருங்காது. அடியில் மஞ்சள் நிற பாலிஇமைடு டேப் ஒட்டிவைப்பது நல்லது, தவறிப்போய் அதிகம் சூடானாலும் அட்டை கருகாது.

ஐந்தாவது படி: மின்சாரம்

கணக்கு சுருக்கமானது. 23 செ.மீ. கம்பியின் மின்தடை சுமார் 12.5 ஓம். 5 வோல்ட் கொடுத்தால் 0.4 ஆம்பியர் ஓடும், அட்டவணை கேட்டதும் ஏறக்குறைய அதையேதான். மல்டிமீட்டரில் மின்தடையை முதலில் அளந்துவிடுங்கள். 12.5-க்குப் பதில் 20 காட்டினால் கிரிம்ப் சரியாகப் பிடிக்கவில்லை.

3 வோல்ட்டில் தொடங்குங்கள், கால் வோல்ட்டாக ஏற்றுங்கள். பலகை எழுந்து நின்றதும் விட்டுவிடுங்கள். எழுந்த பிறகும் முழு மின்னோட்டம் தொடர்ந்தால் அந்தச் சூடு மடிப்புக்குப் போகாது, கம்பியின் ஆயுளைத்தான் தின்னும். கம்பி நிறம் மாறினாலோ புகை வந்தாலோ அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுக் கம்பி எடுங்கள்; அளவு மீறிச் சூடான கம்பி பிறகு ஒழுங்காக வேலை செய்யாது. எழும் பலகையை விரலால் தடுத்துப் பிடிப்பதும் வேண்டாம், கம்பிக்கும் கேடு, ஓடும்போது அதைத் தொட்டால் விரலும் சுடும்.

கைப்பொத்தான் அலுத்துப்போனால் ஆர்டுயினோ போன்ற, நிரல் எழுதி ஓட்டும் மின்னணுப் பலகையில் இணைக்கலாம். ஆனால் அதன் முனைகளிலிருந்து நேரடியாக முடியாது. ஒரு முனை தருவது 20 மில்லியாம்பியர் அளவுதான், நமக்கு 400 வேண்டும். 5 வோல்ட்டிலேயே முழுதாகத் திறக்கும் மாஸ்ஃபெட் (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) ஒன்றை நடுவில் போடுங்கள், அதன் ‘கேட்’ என்ற கட்டுப்பாட்டு முனையிலிருந்து தரைக்கு 10 கிலோ ஓம் மின்தடை ஒன்று. மோட்டாருக்குப் போடும் டயோடு இங்கே தேவையில்லை. நிரலில் முதல் ஒரு நொடி முழு மின்சாரம், பிறகு மின்சாரத்தைத் துடிப்பு துடிப்பாகக் கொடுத்து (PWM), துடிப்பு அகலத்தைப் பாதி அளவுக்குக் குறைத்து, எவ்வளவு குறைத்தால் பலகை இறங்காமல் நிற்கிறது என்று தேடிப் பிடியுங்கள். 9 வோல்ட் சதுரப் பேட்டரியை நம்பாதீர்கள், இந்த மின்னோட்டத்தில் சீக்கிரம் சோர்ந்துவிடும்.

ஆறாவது படி: விரிய வைப்பது

இதுவரை வந்தவர்களின் பலகை எழும். இனி படுக்க வேண்டும்.

எல்லா விசைகளையும் ஒரே அளவுக்கு மாற்றிக்கொண்டால் புரிந்துகொள்வது எளிது. எழும் பலகையின் வெளி ஓரத்தில் எத்தனை கிராம் வைத்ததற்குச் சமம் என்று கேட்போம். கம்பியின் 640 கிராம் இழுப்பு, 2 மி.மீ. உயரத்தில். ஓரம் இருப்பது 60 மி.மீ. தள்ளி. ஆகவே ஓரத்தில் அது 21 கிராம். ஆமாம், 640 கிராம் இழுக்கும் கம்பி ஓரத்தில் தூக்குவது 21 கிராம்தான். இதே கணக்கில் கம்பியை நீட்டத் தேவையான எதிரிழுப்பு, இரண்டு இழைக்கும் சேர்த்து 256 கிராம், ஓரத்தில் 8.5 கிராம்.

பலகையின் எடை 5 கிராம் என்றால் அது நடுவில் விழுவதால் ஓரத்தில் 2.5 கிராமுக்குச் சமம். மீதி 6 கிராமுக்கு ஓர் இரும்பு வாஷரை வெளி ஓரத்தில் ஒட்டிவிட்டால் தட்டை நிலையில் கணக்கு சரியாகிவிடும்.

ஆனால் 60 டிகிரி எழுந்து நிற்கும் பலகையை நினைத்துப் பாருங்கள். புவியீர்ப்பு நேரே கீழே இழுக்கிறது, பலகையோ ஏறக்குறைய நிமிர்ந்து நிற்கிறது. எடையின் திருப்புவிசை பாதியாகிவிடும், ஓரத்தில் 4 கிராம் சொச்சம். அதே நேரத்தில் கம்பிக்கும் கீலுக்கும் உள்ள தூரம் 2 மி.மீ.-லிருந்து 3.3 மி.மீ. அளவுக்குக் கூடிவிடுகிறது, கம்பியை நீட்ட இப்போது 14 கிராம் வேண்டும். எடை எங்கே அதிகம் தேவையோ அங்கேதான் அது கைவிடுகிறது. வெறும் எடையை மட்டும் நம்பிய என் பலகைகள் நின்றுபோனது இந்த இடத்தில்தான்.

ஃபிலிம் பட்டைகள் இங்கே கைகொடுக்கும். அவை தட்டையாக இருக்கும்போது ஒன்றும் செய்யாது, வளைய வளைய அதிகமாகத் தள்ளும். மொத்தம் 2 செ.மீ. அகலம், 6 மி.மீ. இடைவெளி என்றால் 60 டிகிரியில் ஓரத்துக்கு 10 கிராம் அளவுக்குத் தள்ளும். ஆக, மேலே நிற்கும்போது ஃபிலிம் தள்ளிவிட, கீழே நெருங்கும்போது எடை அழுத்தி முடிக்கிறது. ஒன்று ஓயும் இடத்தில் மற்றது பிடித்துக்கொள்கிறது.

சரிசெய்யும் முறையும் இதிலிருந்தே வரும். பலகை உச்சியிலேயே நின்றுவிட்டால் ஃபிலிம் போதவில்லை, நடுவில் இன்னொரு மெல்லிய பட்டை சேருங்கள். இறங்கி வந்து கடைசி 15 டிகிரியில் தொங்கினால் எடை போதவில்லை. எழவே திணறினால் இரண்டில் ஒன்று மிதமிஞ்சிவிட்டது. ஃபிலிமை மடித்த நிலையிலேயே பல மணி நேரம் விட்டால் அதற்கும் அந்த வளைவு பழகிவிடும். வேலை முடிந்ததும் தட்டையாகவே வையுங்கள்.

வேகம் போதவில்லை என்றால் ஒரு சிறு மின்விசிறியை எதிரே வையுங்கள். இறங்குவது நன்றாகவே வேகமாகும். ஆனால் அதே காற்றில் எழுவதற்கு அதிக மின்னோட்டம் வேண்டும், எனவே எழும்போது நிறுத்தி, இறங்கும்போது ஓட்டுங்கள்.

ஒரு மடிப்பிலிருந்து பல மடிப்புக்கு

ஓரிகாமி வடிவத்தில் எத்தனை மடிப்புக்கோடுகள் இருக்கின்றனவோ அத்தனை கம்பிகள் வேண்டும் என்று பயந்துவிடாதீர்கள். ஒரு புள்ளியில் நான்கு மடிப்புகள் சந்திக்கின்றன என்று வையுங்கள். தட்டையாக மடியும் வடிவத்துக்கு இரண்டு விதிகள் உண்டு. மேகாவா விதிப்படி, மேல்நோக்கிய மடிப்புகளுக்கும் கீழ்நோக்கிய மடிப்புகளுக்கும் உள்ள வித்தியாசம் இரண்டு. நான்கில் மூன்று ஒரு பக்கம், ஒன்று மறுபக்கம். கவாசாகி விதிப்படி, ஒன்று விட்டு ஒன்றாகக் கோணங்களைக் கூட்டினால் 180 டிகிரி வரும். இப்படிப்பட்ட நான்கு மடிப்புச் சந்திப்பில் பலகைகள் விறைப்பாக இருந்தால் ஒரு மடிப்பின் கோணம் மற்ற மூன்றையும் முடிவு செய்துவிடும். ஆக, ஒரு கீலுக்குக் கம்பி கொடுத்தால் போதும், மற்றவை கூடவே வரும். கோர்யோ மியூரா வடிவமைத்த மியூரா மடிப்பு இப்படிப்பட்ட சந்திப்புகளின் வரிசைதான்; 1995-ல் ஜப்பான் விண்ணில் ஏவிய ஸ்பேஸ் ஃப்ளையர் யூனிட் செயற்கைக்கோளில் சூரியத் தகடு ஒன்று அந்த முறையில் மடித்துக் கொண்டுசெல்லப்பட்டது.

ஒரு கண்ணி மட்டும் இருக்கிறது. முழுத் தட்டையாகக் கிடக்கும் சந்திப்புக்கு எந்தப் பக்கம் மடிவது என்று தெரியாது. சூடேற்றினால் சில சமயம் சரியாக மடியும், சில சமயம் தலைகீழாகப் போகும், சில சமயம் அப்படியே விறைத்துக்கொண்டு கம்பியை அறுக்கும். ஒருபோதும் பூஜ்யத்திலிருந்து தொடங்காதீர்கள். பலகைகளுக்கு அடியில் சிறு அட்டைத் துண்டுகளை வைத்து, எல்லா மடிப்பும் சரியான திசையில் 5, 10 டிகிரி முன்கூட்டியே எழுந்திருக்கும்படி செய்யுங்கள். தடித்த அட்டை என்பதால் மடிப்புகளுக்கு நடுவில் இடைவெளியும் தாராளமாக விடுங்கள், இல்லையென்றால் ஓரங்கள் முட்டும்.

வெவ்வேறு நேரத்தில் மடிய வேண்டியவற்றுக்குத் தனித்தனிக் கம்பியும் தனித்தனி மாஸ்ஃபெட்டும் வேண்டும். 2010-ல் ஹார்வர்டு, எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் சேர்ந்து செய்த தகடு இதற்கு நல்ல உதாரணம். 32 முக்கோணப் பலகைகள் கொண்ட ஒரே தகடு. எந்த மடிப்புகளுக்கு மின்சாரம் போகிறது என்பதைப் பொறுத்து ஒரு தடவை படகாகவும் இன்னொரு தடவை விமானமாகவும் மடிந்தது. மடிந்ததும் சிறு காந்தங்கள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டன.

அந்தக் காந்தங்கள் வெறும் அலங்காரம் இல்லை. நம் கீலையே எடுத்துக்கொள்ளுங்கள்: ஒரு நொடி எழ 2 ஜூல் செலவாகிறது, அதில் கம்பி செய்யக்கூடிய வேலை அதிகபட்சம் 25 மில்லிஜூல். நூற்றுக்கு ஒன்று என்ற கணக்கு. மீதி அத்தனையும் சூடு. மடித்த நிலையில் பிடித்து வைக்கவும் சூடு போய்க்கொண்டே இருக்க வேண்டும் என்றால் எந்தப் பேட்டரியும் தாங்காது. மடிந்ததும் பூட்டிக்கொள்ளும்படி காந்தமோ கொக்கியோ வையுங்கள். சாதாரண நியோடிமியம் காந்தம் 80 டிகிரிக்கு மேல் வலுவிழக்கத் தொடங்கும், எனவே அதைக் கம்பியிலிருந்து தள்ளியே வையுங்கள். இன்னொன்று, பூட்டிய பிறகு நம் ஃபிலிமும் வாஷரும் காந்தத்தைப் பிரிக்க முடியாது; திறக்க மறுபக்கத்தில் எதிர்த்து இழுக்கும் இரண்டாவது கம்பி ஒன்று தேவைப்படும்.

படலம்

கம்பியை மேலே தூக்கிக் கட்டும் வேலையே வேண்டாம், மடிப்புக்கோட்டிலேயே ஒரு நிட்டினோல் படலத்தை ஒட்டிவிடலாமே என்று தோன்றும். 2010 தகடு அப்படித்தான் செய்யப்பட்டது. 2006-ல் கவோரி குரிபயாஷியும் ஜோங் யூவும் உள்ளிட்ட குழு, ரத்தக் குழாயில் பொருத்தும் ஸ்டென்ட் ஒன்றை நிட்டினோல் படலத்தில் ஓரிகாமி முறையில் மடித்து, தானாக விரியும்படி செய்து காட்டியது. நேர்த்தியான வழி அது.

ஆனால் படலத்துக்கு நீங்களே வடிவத்தைப் பழக்க வேண்டும். விரும்பிய வளைவில் எஃகு அச்சில் அசையாமல் இறுக்கி, 500 டிகிரி அளவில் பத்து முதல் இருபத்தைந்து நிமிடம் வைத்து, உடனே தண்ணீரில் போட வேண்டும். சமையலறை ஓவன் அந்தச் சூட்டைத் தொடாது. மட்பாண்டச் சூளை போன்ற, வெப்பத்தைக் கட்டுப்படுத்தக்கூடிய உலை வேண்டும். டார்ச் நெருப்பில் காட்டலாம் என்று சிலர் சொல்வார்கள். வளைவு பழகும், ஆனால் எந்த வெப்பத்தில் வேலை செய்யும் என்பது துண்டுக்குத் துண்டு மாறும். தவிர, அகலமான படலத்தின் மின்தடை மிகக் குறைவு, அதைச் சூடாக்க மின்னோட்டம் ஏராளமாக வேண்டும். அதனால் பாம்பு நெளிவதுபோல வெட்டி மின்பாதையை நீளமாக்குவார்கள், அல்லது தனி ஹீட்டர் ஒட்டுவார்கள்.

நான் கம்பியில் நான்கு மடிப்புச் சந்திப்பு ஒன்றை ஓடவிட்ட பிறகுதான் படலத்தை வாங்கினேன். முதல் இரண்டு துண்டுகளும் உலையில் அச்சு நழுவிக் கோணலாகப் பழகிவிட்டன. அச்சை இரண்டு ஸ்குரூவுக்குப் பதில் நான்கு ஸ்குரூவால் இறுக்குங்கள்.